தங்கைக்குக் கிடைக்காத மருத்துவர்

1920களின் தொடக்கத்தில் ஓர் இளம்பெண் வயிற்றுக் கோளாறால் அவதிப்பட்டார். சீதபேதி என்று கருதி அதற்கான மருந்துகள் தரப்பட்டன. நோய் தணியவில்லை. மலக்குடலில் புற்று என்பது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அப்பெண்ணின் தமக்கை சென்னை மருத்துவக் கல்லூரியில் பதக்கங்களுடன் தேறிய மருத்துவர். தமக்கையின் கணவரும் மருத்துவரே. மாநகரின் பெயர்பெற்ற மருத்துவர்களை நேரில் அறிந்த குடும்பம் அது. அத்தகைய வீட்டுப் பெண்ணுக்கே உரிய மருத்துவர் கிடைக்கவில்லை. புற்றுநோயையே தம் துறையாகக் கொண்ட ஒருவர் அன்று இம்மாகாணத்தில் இருந்திருந்தால்தானே கிடைப்பதற்கு?

அந்தத் தமக்கையின் பெயர் முத்துலட்சுமி ரெட்டி. இன்று தமிழகத்தில் பலருக்கு அது கர்ப்பிணிகளுக்கான நிதியுதவித் திட்டத்தின் பெயராக மட்டுமே தெரியும். சற்றுப் படித்தவர்கள் தேவதாசி முறை ஒழிப்பையும், சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். இக்கட்டுரையில் நான் பேச விரும்புவது அவர் வாழ்வின் வேறொரு சரடைப் பற்றி. புற்றுநோய் என்று தெரிந்தவுடன் ஒரு குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, யாரிடம் போவது என்பதே. அந்தக் கேள்விக்கு ஒரு விடையை உண்டாக்குவதற்கு அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செலவிட்டார்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், இசைவேளாளர் மரபினர். இந்தப் பிறப்பின் காரணமாக அச்சிறுமி கேட்க நேர்ந்த ஏச்சுகள் பல. பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போவதே அரிதாயிருந்த காலத்தில் அவர் பெரும்பகுதியும் வீட்டிலிருந்தே படித்துத் தேறினார். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் 1904இல் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு அனுமதி தந்த பிறகே சேர்க்கை நடந்தது.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் படித்த முதல் பெண் இவரே என்று மேடைகளிலும் பாடநூல்களிலும் அவ்வப்போது சொல்லப்படுகிறது. அது பிழை. மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1875லேயே அங்கு சேர்ந்துவிட்டார். முத்துலட்சுமியின் பெருமைக்கு இத்தகைய மிகைகள் தேவையில்லை. 1912இல் பட்டம் பெற்றதும் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் உறைவிட மருத்துவராகப் பணியேற்ற முதல் பெண் அவர். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியைச் சடங்குகளின்றிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் பணிக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பவை அவர் முன்வைத்த நிபந்தனைகள். சுந்தர ரெட்டி அவற்றை ஏற்றதோடு கடைசிவரை காப்பாற்றவும் செய்தார்.

இந்தப் பின்னணியில்தான் தங்கையின் மரணத்தைப் பார்க்க வேண்டும். கல்வியும் தொடர்புகளும் இருந்தால் நல்ல சிகிச்சை கிடைத்துவிடும் என்பது நடுத்தர வர்க்கத்தின் அசையாத நம்பிக்கை. அந்த நம்பிக்கை முத்துலட்சுமியின் வீட்டிலேயே உடைந்தது. மேலும், தங்கையைப் பார்த்த மருத்துவர்கள் திறமையற்றவர்கள் என்றோ அக்கறையற்றவர்கள் என்றோ கருதத் தேவையில்லை. அன்று இந்நாட்டில் சீதபேதி எங்கும் இருந்தது. இரத்தப்போக்கோடு ஒருவர் வந்தால் முதலில் அதையே நினைப்பது இயல்பு. பொது மருத்துவர் ஒருவர் ஆண்டுக்குச் சில புற்றுநோயாளிகளைப் பார்க்கலாம். அவர்களுள் மலக்குடல் புற்று உள்ளவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். பார்த்துப் பழகாத நோயைக் கண்டறிவது கடினம். ஒரே நோய்க்கென ஓரிடம் இருந்து, அங்கே அந்நோயாளிகள் திரண்டால்தான் மருத்துவரின் கண்ணும் கையும் பழகும். ஆடம் ஸ்மித் தொழிற்பகுப்பைச் சந்தையின் பரப்போடு இணைத்துப் பேசியதைப் பொருளியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கிறார்கள். மருத்துவத்துக்கும் அது பொருந்தும்.

1925இல் மேற்பயிற்சிக்காக அரசின் உதவியுடன் குடும்பத்தோடு லண்டன் சென்றார். பெண்கள், குழந்தைகள் மருத்துவம் கற்பதே பயணத்தின் நோக்கம். அங்கே புற்றுநோய்க்கென்றே இயங்கிய மருத்துவமனையைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அறுவை சிகிச்சையும் ரேடியம் சிகிச்சையும் ஆய்வுக்கூடமும் ஒரே வளாகத்தில் இருந்தன. தங்கைக்குக் கிடைக்காமல் போனது என்ன என்பது அவருக்கு அங்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நாடு திரும்பியதும் காலம் அவரை வேறு பக்கம் இழுத்தது. 1926 இறுதியில் சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்து அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறைக்கு எதிரான சட்டப் போராட்டம் அங்கே தொடங்கி, பல தடைகளைத் தாண்டி 1947இல்தான் முழுமை பெற்றது. காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்தார். போக்கிடமில்லாத பெண் குழந்தைகளுக்காக ஒளவை இல்லம் தொடங்கப்பட்டதும் அதே காலத்தில்தான். இவை ஒவ்வொன்றும் தனி நூலுக்குரியவை. நன்கு எழுதப்பட்டும் உள்ளன. ஆகவே அவற்றைக் கடந்து செல்கிறேன்.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், தென்னிந்தியாவுக்குப் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கையை அவர் வெளிப்படையாக முன்வைத்தார். அப்போது சென்னையில் புற்றுநோய்ச் சிகிச்சையே இல்லை என்று சொல்ல முடியாது. பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934இல் திறக்கப்பட்டிருந்தது. தேர்ந்த அறுவை மருத்துவர்களும் இருந்தனர். ஆனால் கத்தியும் கதிரும் தனித்தனிக் கைகளில் இருந்தன. கதிர்வீச்சு தேவைப்பட்டவர் அறுவை அரங்குக்குப் போவதும், அறுத்தாலே குணமாகக்கூடியவர் கதிர்வீச்சுக்குக் காத்திருப்பதும், அவர் முதலில் எந்தக் கதவைத் தட்டினார் என்பதைப் பொறுத்தே அமைந்தன.

பம்பாயில் நிகழ்ந்ததை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சர் தோராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் 1931இல் வேல்ஸ் நாட்டில் காலமானார். நாட்டின் முதன்மையான செல்வக் குடும்பத்துக்கும் அன்று சிகிச்சை வெளிநாட்டில்தான் இருந்தது. அந்தத் துயரமே டாடா நினைவு மருத்துவமனைக்கு வித்திட்டது. 1941இல் அது திறக்கப்பட்டது. அங்கே ஓர் அறக்கட்டளையின் செல்வம் இருந்தது. இங்கே ஒரு பெண்மணியின் விடாப்பிடி மட்டுமே இருந்தது. அதனால் பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே பதின்மூன்று ஆண்டு இடைவெளி.

பணம் ஒரு தடை. கருத்து அதைவிடப் பெரிய தடை. புற்றுநோய் என்றால் சாவு, சாகப் போகிறவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற எண்ணம் ஆட்சியாளர்களிடமும் இருந்தது. காலராவும் காசநோயும் மலேரியாவும் ஆண்டுதோறும் கூட்டங்கூட்டமாக மக்களைக் கொண்டுசென்ற நாட்டில், வரவுசெலவுக் கணக்கு எழுதுபவர் அப்படி நினைத்ததை முற்றிலும் குறைகூறவும் முடியாது. ஒரு ரூபாயை எங்கே செலவிட்டால் அதிக உயிர்கள் பிழைக்கும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அக்கேள்விக்கு விடை காண, புற்றுநோயில் எத்தனை பேரைப் பிழைக்க வைக்க முடியும் என்ற கணக்கு வேண்டும். மருத்துவமனையே இல்லாதபோது அந்தக் கணக்கு எங்கிருந்து வரும்? எவரையும் குணப்படுத்த வழியில்லை என்பதால் மருத்துவமனை கட்டப்படவில்லை. மருத்துவமனை இல்லாததால் எவரும் குணமாகவில்லை. வளர்ச்சிப் பொருளியலில் வறுமைச் சுழல் என்று நாங்கள் கற்பித்தது இதைப் போன்றதைத்தான்.

முத்துலட்சுமி இந்தச் சுழலை இரு முனைகளில் உடைத்தார். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் வழியே புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றை ஏற்படுத்தி நன்கொடை திரட்டத் தொடங்கினார். இன்னொரு முனை, மருத்துவர். புற்றுநோய் மருத்துவரைத் தேடி அலைந்து காணாத அவர், ஒருவரை உருவாக்குவது என்று முடிவெடுத்தார். மகன் கிருஷ்ணமூர்த்தி மருத்துவம் படித்தவர். மேலைநாடுகளுக்குச் சென்று புற்றுநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்றுவருமாறு அவரை அனுப்பினார். தாய் பணம் திரட்ட, மகன் துறையைக் கற்றுத் திரும்பினார். பொது நிறுவனத்தில் சொந்த மகனை அமர்த்துவது இன்றைய கண்ணுக்கு உறுத்தலாம். எனக்கும் அத்தகைய ஏற்பாடுகளின் மீது பொதுவாக ஐயம் உண்டு. ஆயினும் சொத்தோ வருமானமோ வரப்போவதில்லை என்று தெளிவாகத் தெரிந்த பணி அது. அன்று அதற்குப் போட்டியிட வேறு எவரும் வரிசையில் நிற்கவில்லை.

1952 அக்டோபர் 10 அன்று பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. முத்துலட்சுமிக்கு அப்போது வயது 67. தங்கை இறந்து முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

அடுத்த ஆண்டு சாந்தா என்னும் இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். மகளிர் மருத்துவத்தில் மேற்பட்டம் பெற்று, அரசு மருத்துவமனையில் நிலையான பணி கைக்கெட்டிய நிலையில் அதை விட்டுவிட்டு வந்தவர். முதல் சில ஆண்டுகள் ஊதியமின்றியும், பிறகு மாதம் 200 ரூபாய்க்கும் பணியாற்றினார். வளாகத்துக்குள்ளேயே குடியிருந்தார்; 2021 ஜனவரியில் மறையும் வரை அதுவே அவர் வீடு. அவரும் கிருஷ்ணமூர்த்தியும் வெளியே தனிப்பட்ட மருத்துவத் தொழில் செய்ததில்லை. நிறுவனத்தின் மருத்துவர்கள் முழுநேர ஊதியத்தில் இருக்க வேண்டும், எத்தனை அறுவைகள் செய்தார்கள், எத்தனை மருந்துப் புட்டிகள் ஏற்றினார்கள் என்பதோடு அவர்கள் வருமானம் இணையக் கூடாது என்பது எழுதப்பட்ட விதியைவிட வலுவான மரபாயிற்று. வசதியுள்ளவரிடம் கட்டணம் பெற்று, வசதியற்றவருக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை தரும் முறையும் வேரூன்றியது.

இந்த அமைப்பின் அருமையைப் பொருளியல் பின்னரே விளக்கிற்று. 1963இல் கென்னத் ஆரோ எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இது: மருத்துவம் மற்றப் பண்டங்களைப் போன்றதன்று. கத்தரிக்காய் வாங்குபவர் நான்கு முறை ஏமாந்தால் ஐந்தாம் முறை கடையை மாற்றிக்கொள்வார். நோயாளிக்கு அந்த நான்கு முறை கிடையாது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. தமக்கு என்ன தேவை என்பதையே விற்பவர் சொல்லித்தான் நோயாளி அறிகிறார். சிகிச்சை முடிந்த பின்பும், குணமானால் மருத்துவரால் குணமானோமா, குணமாகாவிட்டால் நோயால் குணமாகவில்லையா என்று அவரால் பிரித்தறிய முடியாது. அத்தகைய சந்தையில் விலைக்குப் பதிலாக நம்பிக்கையே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் மருத்துவத்தில் தொழில் நெறிகளும் இலாப நோக்கற்ற நிறுவனங்களும் தோன்றின என்பது ஆரோவின் வாதம். அக்கட்டுரை வெளிவந்தபோது அடையாறு மருத்துவமனைக்கு வயது ஒன்பது.

இதைப் பழங்கதையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. நான் வசிக்கும் படூர், பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே உள்ளது. இருபது ஆண்டுகளுக்கு முன் வயலும் ஏரியுமாக இருந்த ஊர், இன்று அடுக்ககங்களால் நிறைந்திருக்கிறது. கணினித் துறையில் பணிபுரியும் இளைஞர்களும், அவர்களோடு வந்து தங்கிய முதிய பெற்றோரும், ஊரின் பழைய குடிகளும் கலந்து வாழ்கிறோம். சாலை நெடுகிலும் மருத்துவமனைகளின் விளம்பரப் பலகைகள். ஒவ்வொன்றிலும் புன்னகைக்கும் மருத்துவர்கள், ஒவ்வொன்றிலும் அதிநவீன இயந்திரம். முத்துலட்சுமியின் காலத்தில் மருத்துவர் இல்லாததால் தேர்வு இல்லை. இன்று தேர்வுகள் மிகுந்திருப்பதால் திகைப்பு. பேராசிரியர் என்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று எண்ணி, அண்டைவீட்டார் சிலர் என்னிடம் வந்து கேட்பது ஒன்றே: சார், நல்ல டாக்டர் யார்?

எனக்கு மருத்துவம் தெரியாது. எனினும் என் அக்காவுக்கு நேர்ந்தது தெரியும். அவருடைய மார்பில் இருந்த கட்டியை வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில், ஊசியால் திசு எடுத்துச் சோதிக்காமலே, சாதாரணக் கட்டி என்று சொல்லி அகற்றினார்கள். அகற்றிய பின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த முடிவு வேறாக இருந்தது. பிறகு சென்னையில் ஒரு புற்றுநோய் மையத்துக்குச் சென்றபோது, முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அதன்பின் அறுவை செய்திருக்கலாம் என்று விளக்கினார்கள். மறுபடியும் அறுவை, அதன்மேல் கீமோதெரபி, கதிர்வீச்சு. அக்கா இன்று நலமாக இருக்கிறார். ஆனால் அவருடைய ஓய்வூதியச் சேமிப்பில் பெரும்பகுதி அந்த முதல் அவசரத்தைச் சரிசெய்யவே கரைந்தது. அறுவை செய்தவர் கெட்டிக்காரர் என்று அந்த ஊரில் பெயர். குடல்வால், பித்தப்பை ஆகியவற்றில் அந்தப் பெயருக்கு அவர் முற்றிலும் தகுதியானவராகவே இருக்கலாம்.

ஆகவே கேட்பவர்களிடம் மருத்துவர் பெயரைச் சொல்வதில்லை. எந்த இடத்தில் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள் என்றே சொல்கிறேன். புற்றுநோய்ச் சிகிச்சையில் மூன்று துறையினர் உண்டு. அறுவை செய்பவர், கதிர்வீச்சு தருபவர், மருந்து தருபவர். மூன்றாமவரே மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட். கீமோதெரபியும் இன்றைய புதுவகை மருந்துகளும் அவர் பொறுப்பு. பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. முடித்து, அதன்மேல் மூன்றாண்டு டி.எம். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவராக அவர் இருக்க வேண்டும். ஒருவர் முறையாகப் பதிவு பெற்ற மருத்துவரா என்பதை மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். பட்டம் போதாது. இம்மூவரும் கூடிப் பேசி, அறுவையா மருந்தா எது முதலில் என்று முடிவெடுக்கும் வழக்கம் அந்த மருத்துவமனையில் உண்டா என்று கேட்க வேண்டும். திசுப் பரிசோதனை முடிவும் நோயின் நிலையும் கையில் வருவதற்கு முன் எவரேனும் நாள் குறித்தால், ஏன் என்று கேட்க வேண்டும். சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, கட்டுப்படுத்துவதா, வலி தணிப்பதா என்பதை மருத்துவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கப் போகிறோம் என்றால் முகம் சுளிக்காமல் கோப்பைக் கொடுத்தனுப்புபவர் பெரும்பாலும் நல்ல மருத்துவராகவே இருப்பார்.

இரண்டாம் கருத்துக்காக அலைவது ஏழைகளால் ஆகுமா என்ற கேள்வி எழும். இதற்கு முன்பைவிட இன்று வழிகள் உண்டு. டாடா நினைவு மையத்தின் ஒருங்கிணைப்பில் 2012இல் தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பில் முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் உள்ளன. எந்த நோய்க்கு எந்நிலையில் என்ன சிகிச்சை என்ற பொது நெறிமுறைகளை அது வகுத்துள்ளது. வசிக்கும் ஊருக்கு அருகே உள்ள மையம் அதில் இருந்தால், தொலைதூரம் போகாமலே பெரும்பாலும் அதே சிகிச்சை கிடைக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடங்கும். இதை அறியாமல் நகையை அடகு வைத்தவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். கீமோதெரபி ஒரு நாளில் முடிவதன்று, மாதக்கணக்கில் நீள்வது. ஆகவே பயணத் தொலைவும், இரவில் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது என்பதும், மருத்துவரின் புகழைப் போலவே எடைபோட வேண்டியவை. வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் இது முதலில் புரிகிறது; பெரும்பாலும் மருமகள்களுக்கு.

இந்த மூன்றாவது துறையின் வரலாற்றிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. முத்துலட்சுமிக்குப் பிறகு ஏறத்தாழ பத்தாண்டு கழித்து அதே மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல் போனவர் அவர். அமெரிக்கா சென்று மருந்தாய்வில் ஈடுபட்டார். அவருடைய ஆய்வுக்கூடம் உருவாக்கித் தந்த மருந்தைக் கொண்டே பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணிய வைத்தார். அந்த முடிவு வெளியான 1948லேயே சுப்பாராவ் மறைந்துவிட்டார். மருந்தால் புற்றுநோயை எதிர்கொள்ளலாம் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது அப்போதுதான். அமெரிக்காவில் இது தனித்துறையாகச் சான்றளிக்கப்பட்டது 1970களில். இந்தியாவில் இத்துறைக்கான முதல் டி.எம். படிப்பு 1984இல் தொடங்கப்பட்டது. தொடங்கப்பட்ட இடம் அடையாறு. மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட் யார் என்று நாம் தேடும் அந்த மருத்துவர் வகையை முறையாகப் பயிற்றுவிக்கும் பணி, தங்கையை இழந்த ஒருவர் தொடங்கிய நிறுவனத்திலிருந்து கிளம்பியது.

முத்துலட்சுமி அதைக் காணவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வளர்ச்சிகள் சிலவற்றைக் கண்டார். 1950களின் பிற்பாதியிலேயே கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் அடையாற்றுக்கு வந்துவிட்டது. அது இந்தியாவிலேயே முதலாவது. 1960களில் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் வாய்ப்புற்றுக்கு மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்து ஆராய்ந்தனர். வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் நம் நாட்டில் மிகுதியாகக் காணப்பட்ட நோய் அது. மேலைநாட்டு நூல்களில் அதற்கு ஆயத்தமான விடை இல்லை. 1956இல் முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் வழங்கப்பட்டது. முதுமையிலும் நிதி திரட்டும் கடிதங்கள் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.

அவரைப் பற்றிய என் மதிப்பீட்டில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. தியாகம், கருணை என்ற சொற்களால் அவரை வணங்குவது வழக்கம். தங்கையின் மரணத்தை அவர் தனிப்பட்ட துயரமாக மட்டும் கொண்டிருந்தால், அவர் பெயரில் ஓர் அறையோ ஒரு நிதிக்கொடையோ மருத்துவமனை ஒன்றில் மிஞ்சியிருக்கும். அவர் அதை அமைப்பின் குறையாகப் புரிந்துகொண்டார். தேவதாசி முறையைத் தனிமனித ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்க்காமல் சட்டத்தின் பிரச்சினையாக அணுகிய அதே அறிவுதான் இங்கும் இயங்கியது. மேலவையில் துணைத் தலைவராக அமர்ந்து கற்ற நிர்வாகமும், எதிர்ப்பைப் பொறுமையாகக் கடக்கும் பயிற்சியும் அடையாற்றில் பயன்பட்டன. அவர் அரசியலை விட்டுவிட்டு மருத்துவத்துக்குத் திரும்பினார் என்று எழுதுபவர்கள் இந்தத் தொடர்ச்சியைக் காணத் தவறுகிறார்கள்.

அந்த மருத்துவமனை இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட படுக்கைகளைக் கொண்டது. அங்கேயும் வரிசைகள் நீளமானவை, காத்திருப்பு கடுமையானது. தமிழகத்தின் புற்றுநோயாளிகள் அனைவரையும் ஒரே வாசல் தாங்க முடியாது. செங்கல்பட்டு போன்ற மாவட்டங்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இம்மூன்று துறைகளும் முழுமையாக நிரப்பப்பட்டு, அடையாற்றின் கூட்டு முடிவு முறை அங்கும் நடைமுறையானால், படூர்க்காரர் ஒருவர் நல்ல மருத்துவர் யார் என்று என்னைப் போன்ற ஒருவரிடம் வந்து கேட்க வேண்டிய நிலை குறையும். மாவட்டந்தோறும் இயந்திரங்கள் வாங்குவதில் காட்டும் ஆர்வத்தை, அவற்றின் பின்னே அமரவேண்டிய மருத்துவர் பணியிடங்களிலும் அரசு காட்ட வேண்டும்.

1968 ஜூலை 22 அன்று முத்துலட்சுமி ரெட்டி காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் முதலமைச்சர் அண்ணா, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக நியூயார்க் சென்று சிகிச்சை பெற்றார். நாடு திரும்பிய பின் நோய் மீண்டும் முற்றியபோது அவர் அனுமதிக்கப்பட்டது அடையாறு மருத்துவமனையில். 1969 பிப்ரவரி 3 அன்று அங்கேயே மறைந்தார். அவர் நினைவாக அமைந்த அரசுப் புற்றுநோய் மருத்துவமனை காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து சிகிச்சைக்குச் செல்பவர்களில் சிலர் வடக்கே அடையாற்றுக்கும், சிலர் மேற்கே காரப்பேட்டைக்கும் பேருந்து ஏறுகிறார்கள்.